சத்தியம் வாங்காதீர்கள்: போதைநோயாளிகளின் குடும்பத்தாருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அம்மாக்களே, அப்பாக்களே, கணவன் மனைவிமாரே, உடன்பிறந்தவர்களே, வணக்கம்.

போதை மீட்புப் பிரிவு ஒன்றில் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். குடி, ஊசி, மாத்திரை என்று வருகிறவர்களோடு, இப்போது சூதாட்டத்திலும் கைப்பேசி விளையாட்டிலும் சிக்கியவர்களும் வருகிறார்கள். அவர்களோடு உட்கார்ந்து பேச எனக்கு நேரம் ஒதுக்கித் தருகிறார்கள். உங்களோடு பேசத்தான் நேரம் கிடைப்பதில்லை. வராந்தாவில் நின்றபடி, மருந்துச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அவசர அவசரமாக நாலு வார்த்தை. அதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார்கள். அந்த நாலு வார்த்தையில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். அவர்களிடம் சத்தியம் வாங்காதீர்கள்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் இது ஏறக்குறைய தவறாமல் நடக்கும். பையெல்லாம் கட்டியாயிற்று, வண்டி வந்து நிற்கிறது. அப்பா கட்டிலுக்கு எதிரே வந்து நிற்பார். "இனிமேல் தொட மாட்டேன்னு சொல்லு. என் முகத்தைப் பார்த்துச் சொல்லு." மகன் தரையைப் பார்ப்பான். அம்மா அவன் கையைப் பிடித்துத் தங்கையின் தலையில் வைப்பார். தங்கை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நிற்பாள். அவன் சொல்லிவிடுவான். குரல் உடைந்து, அழுதுகொண்டேதான் சொல்லுவான். அந்த அறையில் இருக்கிற எல்லோருக்கும் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கின மாதிரி இருக்கும்.

அந்த நேரத்தில் அவன் பொய் சொல்லவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும் என்று மிகவும் விரும்புகிறேன். ஏனென்றால் சில வாரம் கழித்து அந்தச் சத்தியம் உடையும்போது நீங்கள் முதலில் சொல்வது, "அன்றைக்கே மனசுக்குள் சிரித்துக்கொண்டுதான் சொல்லியிருப்பான்" என்பதுதான். இல்லை. அவன் மனதார நினைத்துத்தான் சொன்னான். ஆனால் மனதார நினைக்கிற பகுதியும், சாயங்காலம் அந்தத் தெருமுனைக்குக் காலை இழுத்துக்கொண்டு போகிற பகுதியும் மூளையில் ஒன்றல்ல. இதை நான் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். இது விளங்காத வரை நான் சொல்வதெல்லாம் அவனுக்குச் சாக்குச் சொல்வதாகவே உங்களுக்குத் தோன்றும்.

1954இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் என்ற இருவர் எலிகளின் மூளைக்குள் மெல்லிய மின்கம்பியை வைத்தார்கள். எலி ஒரு நெம்புகோலை அழுத்தினால் அந்த இடத்தில் லேசான மின்துடிப்பு கிடைக்கும். சில எலிகள் ஒரு மணி நேரத்தில் ஆயிரம் தடவைக்கு மேல்கூட அதை அழுத்தின. மூளையின் இன்ப மையத்தைக் கண்டுபிடித்துவிட்டோம் என்றே அப்போது பலரும் நினைத்தார்கள். மூளையின் அந்தப் பகுதிகளில் செய்தி கடத்தும் டோபமைன் என்கிற வேதிப்பொருளுக்கு 'இன்ப ரசாயனம்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டதும் அந்த வழியில்தான். இன்றைக்கும் பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

பிறகு கென்ட் பெரிட்ஜ், டெர்ரி ராபின்சன் என்ற ஆய்வாளர்கள் வேறொன்றைக் கண்டார்கள். மூளையில் டோபமைன் ஏறக்குறைய முழுவதும் அழிக்கப்பட்ட எலிகள் உணவைத் தேடிப் போவதே இல்லை. பக்கத்தில் வைத்தாலும் பட்டினி கிடக்கும். ஆனால் இனிப்பை எடுத்து நாக்கில் விட்டால் மற்ற எலிகளைப் போலவே வாயை நக்கிச் சுவைத்தன. அதாவது ரசிப்பது அப்படியே இருந்தது, நாடிப் போவது மட்டும் செத்துப்போயிருந்தது. போதைநோயில் நடப்பது இதற்கு நேர்மாறு. நாட்டம் வளர்ந்துகொண்டே போகிறது. கிடைக்கிற இன்பம் தேய்ந்துகொண்டே வருகிறது. இதைத்தான் அவர்கள் 1993இல் ஒரு கோட்பாடாக முன்வைத்தார்கள்.

"இதில் உனக்கு என்னதான் சுகம்?" என்று நீங்கள் கேட்கிறீர்களே, அதற்கு அவர்கள் ஏன் விழிக்கிறார்கள் என்பதற்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. சுகம் எப்போதோ போய்விட்டது. என்னிடம் பேசுகிறவர்களில் நெடுநாள் நோயாளிகள் யாரும் சந்தோஷத்தைப் பற்றிப் பேசுவதில்லை. "நடுக்கம் நிற்க", "தலைக்குள்ள இரைச்சல் அடங்க", "சாதாரணமா இருக்க" என்றுதான் சொல்கிறார்கள். மற்றவர்கள் காலையில் எழும்போதே இருக்கிற நிலைக்கு வந்து சேர அவர்களுக்கு அந்த ஒரு மடக்கு தேவைப்படுகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்பவர் குரங்குகளின் டோபமைன் செல்களைக் கவனித்தார். முதலில் பழச்சாறு நாக்கில் படும்போது அந்தச் செல்கள் துடித்தன. பழச்சாறுக்கு முன்னால் ஒரு விளக்கு எரியும் என்று குரங்கு பழகிய பிறகு, விளக்கைப் பார்த்ததுமே துடித்தன. சாறு வந்தபோது அந்தத் துடிப்பு இல்லை. இப்போது உங்கள் வீட்டை நினைத்துப் பாருங்கள். சம்பளம் வரும் நாள், சேர்ந்து குடித்த நண்பனின் குரல், மாத்திரை அட்டையின் சரசரப்பு, விளையாட்டுச் செயலியின் அறிவிப்பு ஒலி எல்லாமே அந்த விளக்குதான். அவர் முடிவெடுப்பதற்கு முன்னாலேயே உடல் கிளம்பிவிடுகிறது. எச்சில் ஊறுகிறது, நெஞ்சு படபடக்கிறது, கை வியர்க்கிறது. மருத்துவமனை அறையில் இந்த விளக்குகள் ஒன்றுமே இல்லை. அதனால்தான் அங்கே சத்தியம் அவ்வளவு சுலபமாக வருகிறது. தாகம் தீர்ந்து உட்கார்ந்திருப்பவரிடம், நாளை வெயிலில் நடக்கும்போது தண்ணீர் கேட்கக் கூடாது என்று எழுதி வாங்குவது போலத்தான் இதுவும்.

சரி, சத்தியத்தால் பலன் இல்லை என்றால் இல்லை, கெடுதல் என்ன என்று கேட்பீர்கள். கெடுதல் இருக்கிறது. அதற்காகத்தான் இந்த மடலே.

ஆலன் மார்லட் என்ற உளவியலாளர், விட்டவர்கள் எப்படி மறுபடி விழுகிறார்கள் என்பதையே நெடுங்காலம் ஆராய்ந்தவர். சறுக்கல் வேறு, விழுதல் வேறு என்று அவர் பிரித்துக் காட்டினார். ஒரு மடக்கு, ஒரு பந்தயம், ஒரு மாத்திரை என்பது சறுக்கல். அங்கேயே நிறுத்திக்கொண்டு உதவி கேட்க முடியும். ஆனால் "இனி ஒருநாளும் இல்லை" என்று விதி போட்டுக்கொண்டவருக்கு அந்த ஒரு மடக்கே எல்லாம் முடிந்துபோனதற்கு அடையாளம் ஆகிவிடுகிறது. 'நான் இவ்வளவுதான். கெட்டது கெட்டாயிற்று, இனி என்ன.' அந்த எண்ணம்தான் ஒரு மடக்கை ஒரு வாரமாக இழுத்துக்கொண்டு போகிறது என்று அவர் கண்டார்.

இதன் மேல் நீங்கள் வாங்கிய சத்தியத்தையும் ஏற்றிப் பாருங்கள். இப்போது அவர் உடைத்தது தன் விதியை மட்டுமல்ல. தங்கையின் தலையில் கை வைத்துச் சொன்ன வார்த்தையை. தங்கைக்கு நாளை காய்ச்சல் வந்தாலும் தன்னால்தான் என்று நினைப்பார். வீட்டில் சொல்ல முடியுமா? முடியாது. ஆலோசகருக்குத் தொலைபேசியில் சொன்னால் வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்று அதையும் விட்டுவிடுவார். மறைப்பார். மறைக்கப் பொய், பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய். அந்த அவமானத்தைத் தாங்க அவருக்குத் தெரிந்த மருந்து ஒன்றே ஒன்றுதான், அது எது என்று உங்களுக்கே தெரியும். சறுக்கிய அன்றே எங்களிடம் வந்திருந்தால் கொஞ்ச நாளில் நிமிர்த்தியிருக்கலாம். எல்லாம் கைமீறிய பிறகு தூக்கிக்கொண்டு வருகிறீர்கள். இடையில் போன அந்த மாதங்களைத் தின்றது பாதி போதை, பாதி சத்தியம்.

மறுபடி விழுவது இந்த நோயில் அரிதான ஒன்றல்ல. 2000இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் தாமஸ் மெக்லெல்லனும் சக ஆய்வாளர்களும் ஒரு கணக்கை முன்வைத்தார்கள். சிகிச்சை பெற்ற போதைநோயாளிகளில் நூற்றுக்கு 40 முதல் 60 பேர் வரை ஓராண்டுக்குள் மறுபடி தொடுகிறார்கள். உயர் ரத்த அழுத்தத்திலும் ஆஸ்துமாவிலும் நோய் மறுபடி தலைதூக்குவது இதற்குக் குறைவில்லை, சொல்லப்போனால் கூடுதல். ஆஸ்துமா திரும்பி வந்தால் மருந்தை மாற்றிப் பார்க்கிறோம், வீட்டில் தூசி இருக்கிறதா என்று பார்க்கிறோம். "போன முறை சத்தியம் பண்ணினாயே" என்று யாரும் கேட்பதில்லை.

இதையெல்லாம் சொல்வதால் அவர் செய்வதற்கு அவர் பொறுப்பே இல்லை என்று ஆகிவிடாது. இதில் நான் உறுதியாக இருக்கிறேன். அடிப்பவரோடு ஒரே வீட்டில் இருக்க வேண்டும் என்று எந்த நோயும் உங்களைக் கட்டாயப்படுத்தாது. குழந்தையை ஏற்றிக்கொண்டு போதையில் வண்டி ஓட்டினால் சாவியைப் பிடுங்குங்கள், தேவைப்பட்டால் காவல்துறையைக் கூப்பிடுங்கள். 'மூளை நோய்' என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு, பாவம் அவரால் ஒன்றும் முடியாது என்று சொல்கிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. முடியும். பெரும்பாலானவர்கள் என்றைக்கோ ஒருநாள் மீள்கிறார்கள், எந்தச் சிகிச்சையும் இல்லாமலே மீண்டவர்களும் ஏராளம். மன உறுதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த உறுதியை முழுக்க முழுக்கத் தெருமுனையில் நின்று போராடுவதிலேயே செலவழிக்க விட்டுவிடுகிறோமே, அதைத்தான் சொல்கிறேன். தெருமுனைக்கே போகாதபடி வாழ்க்கையை மாற்றிப் போடுவதில் அதைச் செலவழிக்கலாம்.

இடம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு பழைய சான்று உண்டு. வியட்நாம் போரில் இருந்த அமெரிக்கப் படைவீரர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஹெராயினுக்கு அடிமையாகியிருந்தார். இவர்களெல்லாம் திரும்பி வந்தால் நாடு தாங்குமா என்று அரசே அஞ்சியது. லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் அவர்களைத் தேடிப் பிடித்துப் பேசினார். அங்கே அடிமையாக இருந்தவர்களில், ஊர் திரும்பிய முதல் ஆண்டில் மறுபடி அடிமையானவர்கள் நூற்றுக்கு 5 பேர்தான். மூன்று ஆண்டில் 12 பேர். அவர்கள் விட்டுவந்தது ஹெராயினை மட்டுமல்ல. அந்தக் காடு, அந்தப் பயம், அந்தக் கூட்டாளிகள், கைக்கெட்டும் தூரத்தில் மலிவாகக் கிடைத்த பொட்டலம் எல்லாவற்றையும் சேர்த்து. நம் வீட்டாட்கள் சிகிச்சை முடிந்து திரும்புவது அதே அறைக்கு, அதே தெருவுக்கு, அதே தொலைபேசி எண்களுக்கு. வீட்டையே மாற்று என்று நான் சொல்ல முடியாது, எல்லோருக்கும் அது முடியாது. ஆனால் சிம் அட்டையை மாற்றலாம். சம்பளம் வேறொருவர் கணக்குக்குப் போகும்படி அவர் சம்மதத்தோடு செய்யலாம். வேலை முடிந்து வரும் வழியை மாற்றலாம். சாயங்காலம் ஆறு மணிக்கு யாராவது ஒருவர் அவரோடு இருக்கும்படி பார்த்துக்கொள்ளலாம்.

இனி, சூதாட்டத்திலும் விளையாட்டிலும் சிக்கியவர்களின் வீட்டாருக்குத் தனியாகக் கொஞ்சம். நீங்கள்தான் அதிகக் கோபத்தோடு வருகிறீர்கள். உடம்புக்குள் எதுவும் போகவில்லை, கை நடுங்கவில்லை, ஆள் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறார். அப்படியிருக்க இது எப்படி நோய், கொழுப்புதானே என்கிறீர்கள்.

பார்க்கின்சன் நோய்க்குத் தரும் மாத்திரைகளில் டோபமைனைப் போலவே வேலை செய்கிற ஒரு வகை உண்டு. வாழ்நாளில் ஒரு பந்தயமும் கட்டாத, நிதானமான முதியவர்கள் சிலர், அந்த மாத்திரையைத் தொடங்கிய பின் சேமிப்பையெல்லாம் சூதாட்டத்தில் கரைத்தார்கள். மேயோ கிளினிக் மருத்துவர்கள் 2005இல் அப்படிப்பட்ட 11 பேரைப் பற்றி எழுதினார்கள். மாத்திரையைக் குறைத்தபோது அல்லது நிறுத்தியபோது பலருக்கு அந்த வெறி அடங்கியது. அவர்களுடைய ஒழுக்கம் ஒரு மாத்திரையோடு போய், மாத்திரை நின்றதும் திரும்பி வந்ததா என்ன? குடியிலும் ஊசியிலும் சிக்குகிற அதே டோபமைன் கம்பிதான் இங்கேயும் முறுக்கப்படுகிறது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட தன் கையேட்டில் சூதாட்ட நோயைப் போதைநோய்களின் வரிசையிலேயே கொண்டுவந்து வைத்தது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் விளையாட்டு நோயும் சேர்ந்திருக்கிறது. அதற்காக நாலு மணி நேரம் விளையாடுகிற பையனெல்லாம் நோயாளி இல்லை. கட்டுப்பாடு கைவிட்டுப் போக வேண்டும், மற்ற எல்லாமே அதற்குப் பின்னால் தள்ளப்பட வேண்டும், கெடுதல் கண்ணுக்குத் தெரிந்தும் தொடர வேண்டும், பொதுவாக இதெல்லாம் ஓராண்டாவது நீடிக்க வேண்டும். நேரக்கணக்கைப் பார்த்துப் பயந்து ஓடி வருகிறவர்கள், எதையெல்லாம் அந்தப் பையன் விட்டுவிட்டான் என்பதைப் பாருங்கள்.

சூதாட்டச் செயலியை ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள். மூன்று படங்கள் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். இரண்டு நின்றுவிட்டது. மூன்றாவது மெதுவாக உருண்டு வந்து, ஒரு கட்டம் தள்ளிப் போய் நிற்கிறது. தோற்றுவிட்டார். ஆனால் முகத்தைப் பாருங்கள், தோற்றவர் முகம் அல்ல அது. கண் விரிந்து, பெருவிரல் ஏற்கெனவே அடுத்த பொத்தானுக்குப் போய்விட்டது. மயிரிழையில் தவறிய தோல்வி, வெற்றியில் கிளர்கிற மூளைப் பகுதிகளையே கிளறுகிறது என்று லூக் கிளார்க் என்ற ஆய்வாளரின் குழுவினர் 2009இல் காட்டினார்கள். பரிசு எத்தனையாவது தடவையில் வரும் என்று தெரியாமல் இருப்பதுதான் ஒரு பழக்கத்தை மிக இறுக்கமாகக் கட்டிப்போடும் என்பது, பழக்கங்கள் எப்படிப் பதிகின்றன என்று ஆராய்ந்த உளவியலாளர் ஸ்கின்னர் காலத்திலிருந்தே தெரிந்த விஷயம். அதைத் தெரிந்தவர்கள்தான் அந்தத் திரையை வடிவமைக்கிறார்கள்.

இவர்கள் விஷயத்தில் சத்தியத்தோடு இன்னொன்றும் சேர்ந்து வரும்: கடனை அடைத்துவிடுவது. "இந்த ஒரு தடவை அடைத்துவிடுகிறோம், இனிமேல் தொடாதே." நிலத்தையோ நகையையோ விற்று அடைக்கிறீர்கள். நோயாளியின் மூளை இதைப் படிக்கிற விதம் வேறு. கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த கடன் ஒரே நாளில் காணாமல் போவது அதற்கு ஒரு பெரிய பரிசு விழுந்த மாதிரி. முதலில் கணக்குகளை அவர் கையிலிருந்து எடுங்கள், செயலிகளில் தன்னைத்தானே விலக்கிக்கொள்ளும் வசதி இருந்தால் பதிவு செய்ய வையுங்கள், கடன் முழுவதும் எவ்வளவு என்று தாளில் எழுத வையுங்கள். எழுதும்போது முதலில் பாதியைத்தான் சொல்வார், அது வழக்கம். அடைப்பதைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம். இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன். சூதாட்ட நோயில் தற்கொலை ஆபத்து மிக அதிகம், அதுவும் கடன் வெளியே தெரிந்துவிட்ட நாட்களில். அன்று திட்டித் தீர்ப்பதைத் தள்ளிப்போடுங்கள். அவரைத் தனியாக விடாதீர்கள். சாக வேண்டும் என்ற நினைப்பு வருகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த நினைப்பு வந்துவிடாது.

உயிர் சம்பந்தப்பட்ட இன்னும் சில விஷயங்கள், அவசரமாக.

நாள்தோறும் அதிகம் குடிப்பவரை அறையில் பூட்டிவைத்து ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். நின்ற முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை குழப்பம், காய்ச்சல், கொட்டும் வியர்வை, சுவரில் பூச்சி ஊர்வதாகப் பேசுவது எல்லாம் வந்தால் அது நடிப்பில்லை, பேயுமில்லை, உயிருக்கு ஆபத்தான நிலை. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பல நாள் எடுத்த தூக்க மாத்திரைகளையும் பதற்றத்துக்கான மாத்திரைகளையும் திடீரென்று நிறுத்துவதிலும் வலிப்பு அபாயம் உண்டு. "சத்தியம் பண்ணிவிட்டேன், இன்றோடு நிறுத்துகிறேன்" என்று ஒருவர் வைராக்கியமாக நிறுத்தி, அந்த வைராக்கியத்தாலேயே செத்துப்போக முடியும் என்பதைத் தயவுசெய்து மனதில் வையுங்கள்.

அடுத்தது, குடிப்பவருக்குத் தெரியாமல் மாத்திரையைப் பொடித்து உணவில் கலந்து கொடுப்பது. டைசல்பிராம் என்ற அந்த மருந்தை 1940களில் டென்மார்க்கில் குடிநோய்க்குப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். அதை எடுத்தவர் குடித்தால் முகம் சிவக்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் சரியும். சிலருக்கு உயிரே போகும். கடைசி மாத்திரைக்கு இரண்டு வாரம் கழித்துக்கூட இப்படி ஆகலாம். தெரிந்து, சம்மதித்து, மருத்துவர் மேற்பார்வையில் எடுப்பவருக்கு அது ஒரு நல்ல துணை. தெரியாமல் கொடுத்தால் விஷம் வைப்பதுதான். மனது கஷ்டப்பட்டாலும் இதை வேறு எப்படியும் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஹெராயின் வகைப் போதையில் இருந்தவர் சில வாரம் விலகியிருந்தால் உடலின் தாங்கும் சக்தி குறைந்துவிடும். பழைய அளவே இப்போது கொல்லும் அளவு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து வெளியே வந்தவர்களைப் பற்றிய ஆய்வு ஒன்று 2007இல் வந்தது. வெளியே வந்த முதல் இரண்டு வாரத்தில், அளவு மீறிய போதையால் அவர்கள் இறக்கும் அபாயம் பொதுமக்களைவிட 129 மடங்கு. இதனால்தான் ஹெராயின் ஏக்கத்தை அடக்குகிற மெத்தடோன், புப்ரெனார்ஃபின் போன்ற மருந்துகளைத் தொடர்ந்து எடுக்கச் சொல்கிறோம். "ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா" என்று கேட்டு, வீட்டில் அதை நிறுத்தச் சொல்லிச் சத்தியம் வாங்கிவிடுகிறீர்கள். அந்த மருந்தில் இருக்கும் காலத்தில் இறப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. நிறுத்துவதா, எப்போது, எப்படி என்பதை மருத்துவரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். உதடு நீலம் பூத்து, மூச்சு விட்டுவிட்டு வந்து, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தால் ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள். ஹெராயின் வகைப் போதையை முறிக்கிற நலாக்சோன் என்ற மருந்து கிடைக்கிற இடமாக இருந்தால் கையில் வாங்கி வையுங்கள். அதன் வேலை சீக்கிரம் தீர்ந்துவிடும், அதனால் எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும்.

சத்தியம் வேண்டாம் என்றால் வேறு என்ன செய்வது? சிகிச்சைக்கே வர மறுப்பவரை எப்படி அழைத்து வருவது என்று குடும்பத்தாருக்குப் பயிற்சி தரும் முறை ஒன்றை ராபர்ட் மையர்ஸ் என்ற உளவியலாளர் உருவாக்கினார். 1999இல் வந்த ஓர் ஒப்பீட்டில், அந்தப் பயிற்சி பெற்ற குடும்பங்களில் நூற்றுக்கு 64 வீடுகளில் நோயாளி சிகிச்சைக்கு வந்தார். எல்லோரும் சூழ்ந்து உட்கார்ந்து ஒரே நாளில் கேள்வி கேட்டு மடக்கும் முறையில் 30. அந்தப் பயிற்சியில் அதிசயம் ஒன்றும் இல்லை. போதையில் இருக்கும்போது பேசாதீர்கள். தெளிந்திருக்கும் நேரம் பார்த்து, சுருக்கமாக, பழைய கணக்கைக் கிளறாமல் பேசுங்கள். தெளிந்து வீட்டுக்கு வந்த சாயங்காலம் அவரோடு உட்காருங்கள், சிரித்துப் பேசுங்கள். போதையோடு வந்தால் சண்டை போடாமல் எழுந்து உங்கள் வேலையைப் பாருங்கள். அவருடைய அலுவலகத்துக்குப் பொய்க் காய்ச்சல் சொல்லாதீர்கள். அவர் எடுத்த வாந்தியை அவரே கழுவட்டும். அவர் தானாகவே "இப்படியே இருக்க முடியாது" என்று வாய்விடுகிற ஒரு நாள் வரும், அன்றைக்கு எங்கே கூட்டிப்போவது என்பதை முன்கூட்டியே விசாரித்து வைத்திருங்கள். அந்த நாள் நீண்ட நேரம் நிற்காது.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் கேட்க வேண்டியதும் உண்டு. எந்த நேரம் உனக்கு மிகக் கஷ்டமாக இருக்கும்? அப்போது யாரைக் கூப்பிடுவாய்? ஒருவேளை சறுக்கிவிட்டால் அதை எங்களிடம் எப்படிச் சொல்வாய், நாங்கள் அன்று என்ன செய்தால் உனக்கு உதவியாக இருக்கும்? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்கப் பல பெற்றோருக்கு வாய் வருவதில்லை. இப்போதே அனுமதி கொடுப்பது போல் ஆகிவிடாதா என்கிறார்கள். ஆகாது. தீயணைப்பான் வாங்கி வைப்பதால் யாரும் வீட்டைக் கொளுத்திக்கொள்வதில்லை. பதிலை ஒரு தாளில் எழுதி எல்லோரும் பார்க்கிற இடத்தில் ஒட்டி வையுங்கள்.

கடைசியாக உங்களைப் பற்றி. உங்களில் பலருக்குத் தூக்கம் போய்விட்டது, ரத்த அழுத்தம் ஏறிவிட்டது, சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷங்களுக்குப் போவதை நிறுத்திவிட்டீர்கள். பெண் நோயாளிகளின் வீட்டில் இந்த மூடி மறைப்பு இன்னும் மோசம். அதனாலேயே அவர்கள் மிகத் தாமதமாக வந்து சேர்கிறார்கள். நோயாளி திருந்தட்டும், அதற்குப் பிறகு என்னைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வருடங்களைத் தள்ளாதீர்கள். அவர் சிகிச்சைக்கு வராவிட்டாலும் நீங்கள் வரலாம். குடும்பத்தாருக்கென்றே 1951இல் தொடங்கிய அல்-அனான் போன்ற கூட்டங்கள் பல நாடுகளில் நடக்கின்றன. அங்கே யாரும் உங்கள் வளர்ப்பைக் கேள்வி கேட்க மாட்டார்கள்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால், அவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று எண்ண வேண்டாம். அப்பா வாசல் பூட்டில் சாவியைப் போடும் சத்தத்தை வைத்தே, ஒரே திருப்பில் திறந்ததா, துளை தேடித் தட்டுகிறதா என்று கேட்டு, அன்றைய இரவு எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிற பிள்ளைகளோடு நான் பேசியிருக்கிறேன். தான் நன்றாகப் படித்தால் அப்பா விட்டுவிடுவார் என்று அவர்களில் பலர் நம்புகிறார்கள். "அப்பாவுக்கு ஒரு நோய், அது உன்னால் வந்ததில்லை, உன்னால் தீராது, பெரியவர்கள் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒருமுறை சொன்னால் போதாது. அப்புறம், தயவுசெய்து சத்தியத்துக்காக அவர்கள் தலையைக் கடன் கேட்காதீர்கள். நீங்கள் போகிற மையத்தில் பிள்ளைகளைப் பார்த்துப் பேச ஆள் இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். இருந்தால் அடுத்த தடவை அவர்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். இல்லை என்றால் வேண்டும் என்று கேளுங்கள். நீங்கள் கேட்டால்தான் நாங்களும் மேலே கேட்க முடியும்.

அன்புடன்,
போதை மீட்புப் பிரிவில் பணிபுரியும் ஓர் ஆலோசகர்